உடற்பயிற்சிக் கருவிகளும் அவற்றின் தூய்மையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

முன்னுரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. உடல் என்னும் சுவர் உறுதியாக இருத்தல் வேண்டும் என்பதை இன்று அறியாதவர் இல்லை. ஐக்கிய நாடுகள் அவை 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எடுத்த முடிவின்படி, 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21ஆம் நாள் உலக யோகா நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது உடற்பயிற்சிக் கூடங்கள் அடைக்கப்பட்டன. அப்போது வீட்டுத் திண்ணையும் மொட்டை மாடியுமே பலருக்குப் பயிற்சிக் கூடங்களாயின. யோகா விரிப்பு, டம்பெல்ஸ், ரப்பர்ப் பட்டை, ஸ்கிப்பிங் கயிறு ஆகியவை இன்று எளிய வீடுகளிலும் காணப்படுகின்றன.

ஆனால் இவற்றை வாங்குவதில் காட்டும் ஆர்வத்தைப் பேணுவதிலும் காட்டுகிறோமா? பெரும்பாலும் இல்லை. வியர்வை காயாத விரிப்பைச் சுருட்டி மூலையில் சாத்துகிறோம். எடைக்கட்டைகளை ஈரத் தரையில் உருட்டி விடுகிறோம். சில மாதங்களில் விரிப்பு நாறுகிறது; இரும்பு துருப்பிடிக்கிறது; பட்டை அறுகிறது. உடல் நலத்திற்காக வாங்கிய பொருளே நோய்க்கும் காயத்திற்கும் காரணமாகி விடுகிறது. இவை ஏன் நிகழ்கின்றன, எவ்வாறு தடுக்கலாம் என்பதை, வகுப்பில் கற்கும் வேதியியலின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வியர்வையின் இயல்பு

நம் தோலில் ஏறத்தாழ 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. வியர்வையில் பெரும்பகுதி நீரே. எஞ்சிய சிறு பகுதியில் சோடியம் குளோரைடு என்னும் உப்பு, லாக்டிக் அமிலம், யூரியா முதலியவை கரைந்துள்ளன. இவற்றுடன் தோலின் எண்ணெய்ப் பசையும், உதிரும் தோல் செதில்களும் சேர்ந்து விரிப்பின் மீது படிகின்றன.

சுரக்கும்போது வியர்வைக்கு ஏறத்தாழ மணமே இல்லை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையிலும் செதில்களிலும் உள்ள பொருள்களைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. காலுறையில் வீசும் நாற்றத்திற்கு முதன்மையான காரணம் ஐசோவேலரிக் அமிலம். லியூசின் என்னும் அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள் சிதைப்பதால் அது உண்டாகிறது. ஆகவே நாற்றத்தின் மேல் நறுமணம் தெளிப்பதால் பயனில்லை. கிருமிக்கு உணவாகும் அழுக்கையும் அது வாழ்வதற்கு வேண்டிய ஈரத்தையும் நீக்குவதே சரியான வழியாகும்.

உப்பு பயிற்சிக் கருவிக்கு இன்னொரு வகையிலும் பகையாகிறது. அதனை இரும்பைப் பற்றிய பகுதியில் காண்போம்.

விரிப்பின் வழியே பரவும் நோய்கள்

ஒரே விரிப்பைப் பலர் பயன்படுத்துவது விடுதிகளிலும் சிற்றூர்ப் பயிற்சிக் கூடங்களிலும் இயல்பு. அங்கே மூன்று வகை நோய்களுக்கு அஞ்ச வேண்டும். முதலாவது, பூஞ்சையால் வரும் படர்தாமரையும் சேற்றுப்புண்ணும். இரண்டாவது, ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் கொப்புளமும் கட்டியும். மூன்றாவது, வைரஸால் பாதத்தில் தோன்றும் மரு. பூஞ்சையின் வித்துகள் உதிர்ந்த தோல் செதில்களோடு ஒட்டிக்கொண்டு, உலர்ந்த இடத்திலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்க வல்லவை.

படர்தாமரையைச் சிறிய நோய் என்று எண்ணுதல் கூடாது. முன்பு வழக்கமான மருந்துக்குக் கட்டுப்பட்ட இந்நோய், அண்மைக் காலத்தில் நம் நாட்டில் எளிதில் கட்டுப்படாத ஒன்றாக மாறியுள்ளது. இதற்குக் காரணமான பூஞ்சை வகை ஒன்றுக்கு 2020இல் நம் நாட்டின் பெயரையே இணைத்து டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டுள்ளனர். டெர்பினாஃபின் என்னும் மருந்தை எதிர்த்து நிற்கும் ஆற்றல் இவ்வகையில் மிகுதியாகக் காணப்படுகிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருத்துவரைக் கேளாமல் வாங்கிப் பூசுவதும் நோய் முற்றுவதற்கு ஒரு காரணமாகும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. நோய் மறைந்தது போலத் தோன்றிப் பின் பன்மடங்காகப் பரவும்.

எங்கள் ஊரில் காவலர் தேர்வுக்குப் பயிற்சி செய்துவந்த இளைஞர் ஒருவருக்கு இந்நிலை நேர்ந்தது. ஐந்தாறு பேர் ஒரே ரெக்சின் பெஞ்சில் வெற்றுடம்போடு படுத்து எடை தூக்குவார்கள். அவருக்கு இடுப்பில் முதலில் ஒரு ரூபாய் அளவில் வட்டமாகத் தோன்றியது. யாரோ சொன்ன களிம்பைப் பூசினார். இரண்டு வாரங்களில் மறைந்தது; பின்னர் தொடை, முதுகு என்று படர்ந்தது. அரசு மருத்துவமனைக்குச் சென்று, மாதக்கணக்கில் மருந்து உண்டுதான் குணமடைந்தார். அதற்குள் தேர்வு நாள் வந்துவிட்டது. வயது வரம்பு உள்ள தேர்வுக்கு ஓராண்டு என்பது சிறிய இழப்பு அன்று. ஒரு துண்டை விரித்து அதன்மேல் படுத்திருந்தால், பயிற்சி முடிந்ததும் பெஞ்சைத் துடைத்திருந்தால், இத்துன்பத்தைத் தவிர்த்திருக்க வாய்ப்பு உண்டு.

விரிப்பின் வகைகள்

எந்தப் பொருளையும் தூய்மை செய்யுமுன் அது எதனால் ஆனது என்று அறிய வேண்டும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும்.

முற்காலத்தில் ஆசனம் பயில்வோர் கோரைப்பாயையும் பருத்தி விரிப்பையும் பயன்படுத்தினர். தாமிரபரணிக் கரையில் உள்ள பத்தமடையின் பாயும், ஈரோடு மாவட்டத்துப் பவானியின் ஜமக்காளமும் புகழ் பெற்றவை. இவை வழுவழுப்பான தரையில் நழுவும் என்பதே குறை. 1960களின் பிற்பகுதியில் ஏஞ்சலா ஃபார்மர் என்னும் யோகா ஆசிரியை, ஜெர்மனியில் தரைக்கம்பளத்தின் அடியில் போடும் நுரைத் தாளின் மீது நின்று ஆசனம் செய்தால் கால் வழுக்குவதில்லை என்று கண்டார். அதிலிருந்தே இன்றைய ஒட்டும் விரிப்பு தோன்றிற்று.

இன்று கடைகளில் கிடைப்பவற்றை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

1. பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடு விரிப்பு: விலை குறைவு, நீரை எளிதில் உறிஞ்சாது, நெடுநாள் உழைக்கும். மென்மைக்காக இதில் சேர்க்கப்படும் வேதிப்பொருள் வெப்பத்தால் மெல்ல வெளியேறினால் விரிப்பு விறைத்துப்போகும்.

2. இ.வி.ஏ. எனப்படும் எத்திலீன் வினைல் அசிடேட் நுரை: பல் பல்லாக இணைக்கும் தரை விரிப்புகள் பெரும்பாலும் இவையே. வெயிலில் சுருங்கும்.

3. டி.பி.இ. எனப்படும் வெப்பத்தால் இளகும் ரப்பர் போன்ற பொருள்: எடை குறைவு, கடும் வெப்பம் ஆகாது.

4. இயற்கை ரப்பர்: பிடிப்பு மிகுதி. எண்ணெய், வெயில் இரண்டும் இதற்குப் பகை.

5. பருத்தி, சணல், கோரை: இயற்கை இழைகள். ஈரத்தை உறிஞ்சும், காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

இவற்றுள் துப்புரவுக்கு மிகவும் எளியது பருத்தி விரிப்பே. அதனைச் சோப்பு போட்டுத் துவைத்து, கொளுத்தும் வெயிலில் காயப்போடலாம். ஆயிரக்கணக்கில் செலவிட இயலாத மாணவர் மண் தரையிலோ சிமெண்ட் தரையிலோ ஜமக்காளத்தை விரித்து ஆசனம் செய்வதில் குறைவொன்றும் இல்லை. கோரைப்பாயை மட்டும் நீரில் ஊறவைத்தல் கூடாது. ஈரத் துணியால் கோரை ஓடும் திசையிலேயே துடைத்து, நிழலில் உலர்த்தி, சுருட்டி நிற்கவைக்க வேண்டும்.

கழுவும் முறை

நாள்தோறும் பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் வியர்வையை ஒற்றி, பின் ஈரத் துணியால் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. வாரம் ஒரு முறை சோப்பு நீரால் துடைக்க வேண்டும்.

எண்ணெய்ப் பசையை வெறும் நீர் நீக்காது. சோப்பு மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு. வால் பகுதி எண்ணெயில் பதியும்; தலைப் பகுதி நீரை நோக்கி நிற்கும். இவ்வாறு பல மூலக்கூறுகள் சூழ்ந்து எண்ணெயைச் சிறு உருண்டையாக்கி நீரோடு கொண்டு செல்கின்றன. இவ்வுருண்டையை மைசெல் என்பர்.

நம் மாவட்டங்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீராக உள்ளது. அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் வினைபுரிந்து கரையாத வெண்ணிறப் படிவை உண்டாக்கும். இப்படிவு விரிப்பின் நுண்துளைகளில் தங்கி வழுக்கலைத் தரும். எனவே கடின நீர் உள்ள ஊரில் சோப்புக் கட்டிக்குப் பதிலாகப் பாத்திரம் துலக்கும் திரவத்தைப் பயன்படுத்துவது நலம். ஒரு லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டி போதும். மிகுதியாக ஊற்றினால் அலசுவது கடினமாகும். எஞ்சிய சோப்பு காலை வழுக்கிவிடும்.

செய்முறை வருமாறு: விரிப்பைச் சமதளத்தில் விரிக்க. மெல்லிய துணியைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடைக்க. கையும் பாதமும் படும் இடங்களைச் சற்று அழுத்தித் துடைக்க. பின் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் அவ்வாறே செய்க. தெளிந்த நீரில் நனைத்த துணியால் இருமுறை துடைத்துச் சோப்பை நீக்குக. தேங்காய் நார், கம்பிச் சுருள் முதலியவற்றால் தேய்த்தல் கூடாது. துவைக்கும் இயந்திரத்திலும் இடுதல் கூடாது. சுழலும் வேகத்தில் நுரை கிழியும். முழுவதும் நனைந்த விரிப்பை முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துண்டோடு சேர்த்துச் சுருட்டி அதன்மேல் மிதித்தால் நீர் துண்டுக்கு மாறிவிடும்.

உலர்த்துதல் கழுவுவதைவிட முக்கியமானது. வெயிலின் புறஊதாக் கதிர் கிருமியைக் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் அதே கதிர் ரப்பரையும் நுரையையும் சிதைக்கும். ஆகையால் பருத்தியை வெயிலிலும் மற்றவற்றைக் காற்றோட்டமான நிழலிலும் உலர்த்துக. மெல்லிய கொடிக்கயிற்றில் போட்டால் விரிப்பில் மடிப்பு விழும். தடித்த குழாயிலோ மூங்கிலிலோ போட வேண்டும். இரு பக்கமும் நன்கு காய்ந்தபின், மேற்பக்கம் வெளியே தெரியுமாறு சுருட்டி வைத்தால், அடுத்த நாள் விரிக்கும்போது ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளா.

சமையல் சோடாவும் வினிகரும்

நாற்றத்தைப் போக்கச் சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்துக் கலக்கலாம் என்று பலர் கூறக் கேட்கிறோம். இது வேதியியலுக்கு ஒவ்வாத யோசனை. சோடா காரத்தன்மை உடையது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் அமிலம். இரண்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு பொங்கி எழும். முடிவில் எஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த நீரே. பொங்குவது கண்ணுக்கு அழகு. இரண்டின் ஆற்றலும் வீண்.

தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டும் நல்லவை. நாறும் விரிப்பின்மேல் சோடாவைத் தூவிச் சில மணி நேரம் விட்டால், மேலே கூறிய ஐசோவேலரிக் அமிலம் அதனோடு வினைபுரிந்து சோடியம் உப்பாக மாறும். அமிலம் ஆவியாகி மூக்கை எட்டும், உப்பு ஆவியாகாது. ஆகவே நாற்றம் மறைகிறது. பின்னர் தூளைத் தட்டி ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். வெள்ளை வினிகர் ஒரு பங்கும் நீர் நான்கு பங்கும் கலந்து பி.வி.சி. விரிப்பைத் துடைத்தால், கடின நீரால் விழுந்த வெண்படிவு நீங்கும். இக்கலவையை இரும்பின்மேல் தங்கவிடக் கூடாது.

கிருமிநீக்கிகள்

கிருமிநீக்கியை அழுக்கின்மேல் ஊற்றிப் பயனில்லை. முதலில் சோப்பு, பிறகே கிருமிநீக்கி என்பது விதி.

எத்தனாலோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ 70 விழுக்காடு உள்ள கரைசல் உலோகப் பிடிகளுக்கு ஏற்றது. தூய ஆல்கஹால் இன்னும் நன்றாகக் கொல்லுமே என்று தோன்றலாம், அவ்வாறன்று. கிருமியின் புரதம் நிலைகுலைய நீரும் வேண்டும்; நீர் கலந்த கரைசல் மெல்ல ஆவியாவதால் வினைபுரியப் போதிய நேரமும் கிடைக்கிறது. இது தீப்பற்றும் பொருளாதலால் விளக்கின் அருகிலும் ஓடும் மின்கருவியின் மீதும் தெளிக்கலாகாது. ரப்பரையும் ரெக்சினையும் இது வறளச் செய்து வெடிக்க வைக்கும். பூஞ்சை வித்துகளை ஒழிப்பதில் இதன் ஆற்றல் குறைவு.

பூஞ்சைக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் சிறந்தது. கடையில் வாங்கும் கரைசலில் 4 விழுக்காடு இருப்பதாகக் கொள்வோம். நமக்கு வேண்டியது 0.1 விழுக்காடு கொண்ட ஒரு லிட்டர். செய்முறை வகுப்பில் பயன்படுத்தும் சமன்பாடே இங்கும் உதவுகிறது. 1000 மில்லி லிட்டரை 0.1ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 25 வருகிறது. ஆகவே 25 மில்லி லிட்டர் கரைசலோடு நீர் சேர்த்து ஒரு லிட்டராக்க வேண்டும். இக்கலவை விரைவில் வீரியம் இழக்கும். அன்றன்று கலப்பதே முறை. தரையையும் பி.வி.சி. விரிப்பையும் இதனால் துடைத்து, பத்து நிமிடங்கள் விட்டு, நல்ல நீரால் துடைக்க வேண்டும். கையுறை அணிதல் நன்று. இரும்பு, ரப்பர், சாயத்துணி ஆகியவற்றில் படக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹைப்போகுளோரைட்டையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப் போரில் 1915இல் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்ட அதே நச்சு வாயுதான் அது. அம்மோனியா கலந்த பொருளோடு சேர்ந்தாலும் நச்சு ஆவி எழும். வினிகரும் அமிலமே என்பதை மறத்தலாகாது. வீட்டைத் துப்புரவு செய்பவர் பெரும்பாலும் நம் தாய்மார்களே. பாட்டிலின்மேல் எழுதியிருப்பதை அவர்களுக்குப் படித்துச் சொல்வது, படித்த பிள்ளைகளாகிய நம் கடமை.

இரும்புக் கருவிகள்

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன், நீர் இரண்டும் தேவை. நீரில் உப்பு கரைந்திருந்தால் அது மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் வினை விரைவாகும். வியர்வை உப்பு நீர் அன்றோ! ஆகவே கை படும் பிடியில்தான் துரு முதலில் தோன்றுகிறது. அலுமினியத்தின் ஆக்சைடு மெல்லிய படலமாக ஒட்டி நின்று உலோகத்தைக் காக்கும். துருவோ பருமனில் பெருத்துப் பொரிந்து உதிரும்; அதன் அடியில் புதிய இரும்பு வெளிப்பட்டு அதுவும் துருவாகும். தில்லியில் உள்ள இரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக அழியாமல் நிற்பதற்கு, அந்த இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸால் உண்டான காப்புப் படலமே காரணம் என்று அறிஞர் கண்டுள்ளனர். நம் டம்பெல்ஸுக்கு அந்தப் பேறு இல்லை.

என் தந்தையார் பள்ளிக்கூடம் சென்று படித்தவர் அல்லர். வேலை முடிந்து கரையேறுமுன் மண்வெட்டியை வாய்க்காலில் கழுவி, துண்டால் ஈரம் போகத் துடைத்துத்தான் தோளில் வைப்பார். வேலை இல்லாத நாள்களில் அதில் எண்ணெய் தடவிப் பரண்மேல் வைப்பார். மண்வெட்டி கெட்டால் மறுநாள் கூலி கெடும் என்பது அவர் கணக்கு. நீரையும் உப்பையும் காற்றையும் இரும்பிலிருந்து விலக்க வேண்டும் என்று நான் கல்லூரியில் படித்த பாடத்திற்கும் அவர் செய்கைக்கும் வேறுபாடு இல்லை.

எடைக்கட்டைகளையும் கம்பிகளையும் பயிற்சி முடிந்தவுடன் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பிடியில் உள்ள சொரசொரப்பான கீறல்களில் தோலும் உப்பும் அடைந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். மாதம் ஒரு முறை தையல் இயந்திர எண்ணெயை இரண்டு மூன்று துளி துணியில் விட்டுத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிடில் பிடி நழுவும். நல்லெண்ணெய் தடவலாமா என்று சிலர் கேட்பர். அதில் நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் மிகுதி. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது நாளடைவில் பிசுபிசுக்கும், தூசு அப்பும். கனிம எண்ணெயாகிய தையல் இயந்திர எண்ணெய் அவ்வாறு மாறாது.

துருப்பிடித்துவிட்டால் பொருளை எறிய வேண்டியதில்லை. உப்புத்தாளால் தேய்க்கலாம், அல்லது பாத்திரம் விளக்குவது போலப் புளிக் கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துத் தேய்க்கலாம். புளியின் டார்ட்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் துருவைக் கரைக்கும். அதன்பின் உடனே நன்கு கழுவி, துடைத்து, எண்ணெயோ வண்ணமோ பூச வேண்டும். அமிலம் எஞ்சினால் மீண்டும் துரு வரும்.

சிற்றூர்களில் இளைஞர்கள் ஜி.ஐ. குழாயை இரு கம்பங்களுக்கு இடையே பொருத்தித் தொங்கும் கம்பி அமைப்பர். இரும்பின்மேல் உள்ள துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தாலும், துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். குரோமியப் பூச்சு அவ்வாறு காப்பதில்லை. கீறல் வழியே இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். எனவே பளபளக்கும் கம்பிகளைக் கம்பிச் சுருளால் தேய்க்கக் கூடாது. டப்பாவில் சிமெண்ட் ஊற்றிச் செய்த எடைகளுக்கு வண்ணம் பூசினால் தூள் உதிர்வது குறையும். வெடிப்பு கண்டால் அந்த எடையைத் தலைக்கு மேல் தூக்குதல் கூடாது.

ரப்பர்ப் பட்டைகள்

நம் மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டம் ரப்பர் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. மரத்திலிருந்து கிடைக்கும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதனை உறுதியாக்கும் முறையைக் கண்டறிந்தார். எனினும் ரப்பர்ச் சங்கிலியில் கார்பன் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்புகள் எஞ்சியிருக்கும். காற்றில் மிகச் சிறிதளவே உள்ள ஓசோன் அப்பிணைப்புகளைத் தாக்கி அறுக்கிறது. இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரில் இவ்வெடிப்பு விரைவாக நிகழும்.

ஆகையால் பட்டைகளை ஆணியில் இழுத்து மாட்டி வைத்தல் தவறு. சோப்பு நீரால் துடைத்து, நிழலில் உலர்த்தி, சிறிது முகப் பவுடர் தூவி, தளர்வாக ஒரு பையில் இட வேண்டும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி வலுவிழக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு தொடுதல் கூடாது. ஒவ்வொரு முறையும் பயன்படுத்துமுன் சற்றே இழுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மயிரிழை போன்ற கீறல் தெரிந்தால் அன்றே கழித்துவிட வேண்டும். இழுத்த பட்டை அறுந்து கண்ணில் அடித்தால் பார்வையே பறிபோகலாம். ஒரு கண்ணின் விலைக்குப் பட்டையின் விலை ஈடாகுமா?

மரமும் கயிறும்

கர்லாக் கட்டையை நீரில் ஊறவைத்தாலும் வெயிலில் கிடத்தினாலும் வெடிக்கும். ஈரத் துணியால் துடைத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை ஆளி விதை எண்ணெய் பூசலாம். இரும்புக்கு ஆகாத அதே பிசுக்கும் தன்மை மரத்திற்கு நன்மையாகிறது. எண்ணெய் ஆக்சிஜனை ஏற்று உறுதியான படலமாகக் காயும். ஆனால் அவ்வினையில் வெப்பம் வெளிப்படும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக் கூடும். துணியை நீரில் நனைத்தோ வெளியே விரித்து உலர்த்தியோதான் கழிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் காவலர் தேர்வின் உடல்திறன் போட்டிகளில் ஆண்களுக்குக் கயிறு ஏறுதலும் ஒன்று. அதற்காக ஊர்ப்புறங்களில் மரக்கிளையில் கயிறு கட்டிப் பயில்கின்றனர். மழையிலும் வெயிலிலும் ஆண்டு முழுவதும் தொங்கும் கயிற்றை நம்பி ஏறுதல் பெரும் ஆபத்து. இயற்கை நார்க் கயிறு ஈரத்தால் உள்ளே மக்கும். நைலான் முதலிய செயற்கைக் கயிறு புறஊதாக் கதிரால் வலுவிழக்கும். வாரம் ஒரு முறை முறுக்கைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே தூள் உதிர்ந்தாலோ கறுப்புப் பூஞ்சை இருந்தாலோ கயிற்றை மாற்றுக. கிளையில் உராயும் இடத்தில்தான் முதலில் தேயும். அங்கே பழைய சாக்கைச் சுற்றிக் கட்டுக. ஏறுமுன் இருவர் தரையில் நின்று தொங்கிச் சோதித்துப் பார்க்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் அவிழ்த்து வைப்பதே சிறந்தது. கீழே மணல் குவித்திருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மின்னாலும் மிதியாலும் இயங்குபவை

மின் நடைப்பொறியைத் துடைக்குமுன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். நீரை நேரே தெளிக்காமல் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். ஓடும் பட்டைக்கு அடியில் தயாரிப்பாளர் கூறும் சிலிக்கோன் எண்ணெயையே இட வேண்டும். வேறு எண்ணெய் பட்டையைக் கெடுக்கும். பயிற்சி மிதிவண்டியின் சங்கிலி, திருகாணிகள் ஆகியவற்றை மாதம் ஒரு முறை பார்த்தல் போதும். பெஞ்சின் ரெக்சின் கிழிந்தால் உடனே ஒட்ட வேண்டும். உள்ளிருக்கும் பஞ்சு வியர்வையைக் குடித்துவிட்டால் எவ்வகைக் கிருமிநீக்கியும் ஆழம் வரை எட்டாது.

கால ஒழுங்கு

இதுவரை கூறியவற்றைப் பின்வருமாறு தொகுத்துக் கொள்ளலாம்.

நாள்தோறும்: விரிப்பையும் பிடிகளையும் துடைத்து உலரவிடுதல், பட்டையையும் கயிற்றையும் கண்ணால் சோதித்தல், பயிற்சி உடையைத் துவைத்தல்.

வாரந்தோறும்: விரிப்பு இருபுறமும் சோப்பு நீர்த் துடைப்பு, பலர் பயன்படுத்தும் இடமாயின் கிருமிநீக்கி, கயிற்றின் முறுக்கைப் பார்த்தல்.

மாதந்தோறும்: இரும்புக்கு எண்ணெய்; திருகாணிகளை இறுக்குதல்; விரிப்பு நாறினால் சோடா.

ஆண்டுக்கு ஒரு முறை: உதிர்ந்த வண்ணத்தைப் புதுப்பித்தல், மரத்திற்கு எண்ணெய், கழிக்க வேண்டியவற்றைத் தயங்காமல் கழித்தல்.

தோல் நோய் உள்ளவர் குணமாகும் வரை தனி விரிப்பும் தனித் துண்டும் பயன்படுத்த வேண்டும். அவரை ஒதுக்குதல் என்பது இதற்குப் பொருளன்று. அவர் மருத்துவரிடம் செல்ல நண்பர்கள் துணை செய்ய வேண்டும்.

முடிவுரை

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழி உடைக்கு மட்டும் உரியதன்று. விலையுயர்ந்த கருவி இல்லாதவனும் தூய கருவியை வைத்திருக்கலாம். மேலே கூறிய முறைகளுக்கு வேண்டியவை ஒரு வாளி நீர், இரண்டு பழந்துணி, சிறிது சோப்பு, சில துளி எண்ணெய், நாளுக்கு ஐந்து நிமிடம் ஆகியவையே.

நம் ஊர்களில் அரசும் ஊராட்சியும் அமைத்த உடற்பயிற்சிக் கூடங்களும் பூங்காக்களும் உள்ளன. அங்குள்ள இரும்பு மக்கள் வரிப்பணத்தால் வந்தது. பொதுப் பொருள்தானே என்று விட்டுவிட்டால் அது துருவாகும். சனிக்கிழமைதோறும் நான்கு இளைஞர்கள் சேர்ந்து துடைத்து எண்ணெய் இட்டால், நமக்குப் பின் வரும் தம்பி தங்கையரும் அதில் பயில்வர். தேர்வுத் தாளில் துருவின் வாய்பாட்டை எழுதி மதிப்பெண் பெறும் வேதியியல் மாணவர், தம் ஊர்க் கம்பியில் படியும் துருவையும் துடைக்க முன்வருவாராக!